தலையில் பட்ட அடியும் தவறிய கெடுவும்

மாஹிம் கடலோரத்தில் நிற்கும் இந்துஜா மருத்துவமனையை நம் சங்க அன்பர்களில் அறியாதார் இரார். அங்கே ஓர் இளைஞர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் கிடந்தார். 2006ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாள் மாலை, மேற்கு ரயில்வேயின் புறநகர் வண்டிகளில் ஏழு குண்டுகள் வெடித்தனவன்றோ? அவற்றுள் ஒன்று நம் மாஹிம் நிலையத்தில் வெடித்தது. மற்றொன்று மாட்டுங்கா ரோடுக்கும் மாஹிமுக்கும் நடுவே. அந்த இளைஞர் இருந்த வண்டியோ மீரா ரோடுக்கு அப்பால் சிக்கியது. அலுவலகம் முடிந்து வீடு திரும்பிக் கொண்டிருந்தவர் தலையில் அடிபட்டு நினைவிழந்தார். 2015ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் அம்மருத்துவமனையிலேயே உயிர் நீத்தார். சிகிச்சைச் செலவை ரயில்வே ஏற்றுக்கொண்டது. அவர் மனைவிக்கு ரயில்வேயில் வேலையும் கொடுத்தது. ஊர் முழுவதும் அறிந்த துயரம் அது. பத்திரிகைகள் ஆண்டுதோறும் நினைவூட்டின. ஆகவே அரசும் மறக்கவில்லை.

பத்திரிகையில் பெயர் வராத தலைக்காயங்கள் எத்தனை! 2023ஆம் ஆண்டில் மட்டும் மும்பைப் புறநகர் ரயில் பாதைகளில் 2,590 பேர் மாண்டனர் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்த பொதுநல வழக்கில் கணக்குக் காட்டப்பட்டது. நாள் ஒன்றுக்கு ஏழு உயிர். 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் காலை மும்பிரா வளைவில், எதிரெதிரே சென்ற இரு வண்டிகளின் படிகளில் தொங்கிய பயணிகள் உரசுண்டு விழுந்தனர்; நால்வர் அன்றே இறந்தனர். இறந்தோரைக் கணக்கிடுகிறோம். பிழைத்து வீடு திரும்பியும் பழைய மனிதராகத் திரும்பாதவரை யார் கணக்கிடுகிறார்கள்?

அத்தகைய ஒருவரைப் பற்றி எழுதவே இக்கட்டுரையைத் தொடங்கினோம். அவர் தாராவியில், தொண்ணூறடிச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்; திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர்; தோல் பட்டறையில் கணக்குப் பார்த்து வந்தார். பெயர் வேண்டாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்கால இரவில் ஓடும் லோக்கல் வண்டியிலிருந்து தவறி விழுந்தார். ஒரு மருத்துவமனையில் ஆறு நாள் வைத்திருந்து, தலையில் ஏழு தையல் போட்டு, 'அபாயம் நீங்கிற்று' என்று சொல்லி அனுப்பினார்கள். கை கால் நன்றாக இருந்தன. உறவினர் அனைவரும் ஆண்டவனுக்கு நன்றி சொன்னார்கள். நாமும் ஆப்பிள் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

மூன்று மாதம் சென்றபின் அவர் மனைவி நம் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி, இவுக முன்ன மாதிரி இல்ல. பிள்ளைய அடிக்கிறாக. உப்பு வாங்கப் போனா ஊரச் சுத்திட்டு வெறுங்கையோட வாராக. யாரோ செஞ்சு வச்சிட்டாகன்னு அத்தை சொல்லுதாக" என்றார். மந்திரித்துக் கயிறு கட்டியாயிற்று. ஊருக்கு அழைத்துச் சென்று இசக்கியம்மனுக்குப் படையலும் போட்டாயிற்று. ரயில்வேயில் ஏதாவது பணம் கிடைக்குமா என்றும் கேட்டார். நாம் ரயில்வேயில் குமாஸ்தா என்பதால் நம்மைக் கேட்டது இயல்பே. "பார்க்கலாம் அம்மா, விசாரித்துச் சொல்கிறேன்" என்றோம். பார்க்கவும் இல்லை; விசாரிக்கவும் இல்லை. நம் பிரிவு சரக்குக் கட்டணக் கணக்கைப் பார்ப்பது. பயணிகள் விபத்து நம் மேசைக்கு வருவதன்று. இது காரணமாகுமா என்றால் ஆகாது.

இனி, தலைக்காயம் என்பது யாதென நாம் பின்னர்ப் படித்தும் மருத்துவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதைச் சொல்வோம். மூளை சுமார் 1,400 கிராம் எடையுள்ள மெத்தென்ற பொருள். மண்டையோட்டுக்குள் நீரில் மிதப்பதுபோல் அமைந்திருக்கிறது. ஓடும் வண்டியிலிருந்து விழும்போது மண்டை சட்டென்று நின்றுவிடுகிறது. உள்ளே மூளை நிற்பதில்லை. அடிபட்ட பக்கத்தில் ஒரு முறை மோதி, எதிர்ப்பக்கத்திலும் போய் மோதுகிறது. பிடரியில் அடிபட்டவருக்கு நெற்றிப் பக்கத்து மூளை நசுங்குவது இதனாலேதான். தலை சுழன்று திரும்பினால் மூளைக்குள் ஓடும் நுண்ணிய நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. இவ்வறுப்பு சாதாரண ஸ்கேன் படத்தில் தெரியாமலும் போகலாம். 'ஸ்கேன் நன்றாயிருக்கிறது' என்ற சொல்லை முழு விடுதலையாக எடுத்துக்கொள்ளலாகாது என்பது இங்கே விளங்கும்.

இன்னொரு கொடுமையும் உண்டு. காதுக்கு மேலே, பொட்டெலும்பின் உட்புறமாக ஓர் இரத்தக்குழாய் ஓடுகிறது. அடியில் எலும்பு விரிந்து அக்குழாய் கிழிந்தால், அடிபட்டவர் சிறிது நேரம் மயங்கிப் பின் எழுந்து உட்கார்ந்து, தேநீர் கேட்டுக் குடித்து, பேசிச் சிரிப்பார். உள்ளே இரத்தம் தேங்கி மூளையை அழுத்தும். சில மணி நேரம் கழித்து மறுபடி மயங்குவார். அப்போது பொழுது மிகக் குறுகிவிடும். ஆகையால் அடிபட்டவருக்கு வாந்தி, மிகுந்து வரும் தலைவலி, தூக்க மயக்கம், பேச்சுக் குழறல், வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாதல், மூக்கு காது வழியாகத் தெளிந்த நீர் வடிதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் அந்தக் கணமே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். 'தூங்கட்டும், காலையில் பார்ப்போம்' என்பது கூடாது. முதியோர்க்கோ இன்னும் மெல்ல நடக்கும். குளியலறையில் வழுக்கித் தலை இடித்த பாட்டி, பல வாரம் கழித்துத் தடுமாறி, பேச்சு மாறி நிற்பார். மூப்பு என்று எண்ணிவிடுவோம். இடித்ததை வீட்டார் மறந்தே போயிருப்பார்கள்.

காயத்தின் கடுமையை அளக்க மருத்துவர்கள் கையாளும் முறையை 1974ஆம் ஆண்டில் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேல், ஜென்னட் இருவரும் வகுத்தார்கள். கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என்று மொத்தம் 15 மதிப்பெண். மிகக் குறைந்தது 3. எட்டும் அதற்குக் கீழும் கடுங்காயம். 9 முதல் 12 வரை நடுத்தரம். 13 முதல் 15 வரை இலேசு. மருத்துவமனைத் தாளில் 'ஜி.சி.எஸ்.' என்று எழுதி அருகே எண் போட்டிருப்பார்கள். அந்தச் சிறு எண் பின்னால் நீதிபதி முன் சாட்சி சொல்லக் கூடியது. நம் நண்பர் வீட்டில் அந்தத் தாளைப் பால் கணக்குக் குறிக்கப் பயன்படுத்தியிருந்தார்கள். எண் மேல் எண் எழுதப்பட்டு, படிக்க முடியவில்லை.

குணம் மாறுவது பேயினால் அன்று என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டியவர்களுள் ஒருவர் நம் ரயில்வே இனத்தவரே என்பது நமக்கு வியப்பளித்தது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், ரயில் பாதைக்குப் பாறை வெடி வைக்கும் வேலையில் மேஸ்திரியாயிருந்த பினியாஸ் கேஜ் என்பவரின் இடது கன்னத்தின் வழியே ஓர் இரும்புக் கம்பி பாய்ந்து உச்சி மண்டையைத் துளைத்து வெளியேறியது. கம்பியின் நீளம் மூன்றே முக்கால் அடிக்குச் சற்றுக் குறைவு. எடை 13 பவுண்டுக்கு மேல். அவர் சாகவில்லை. சில நிமிடங்களில் பேசினார். மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே விடுதிக்குச் சென்றார். ஆனால் பொறுமையும் நிதானமும் உள்ளவர் என்று பெயர் எடுத்த அம்மனிதர் தேறி வந்தபின் முரடராகவும் நிலையற்றவராகவும் ஆனார் என்று அவருடைய மருத்துவர் எழுதி வைத்தார். ஒப்பந்தக்காரர்கள் பழைய வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. பிற்பாடு அவர் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஒழுங்கான, ஒரே மாதிரியான வேலை அவரைத் தாங்கிற்று போலும். நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதியே சினத்தை அடக்குவதும் வேலையைத் திட்டமிடுவதும் செய்கிறது. அது அடிபட்டால் உப்பு வாங்கப் போனவர் உப்பை மறப்பார், பிள்ளையை அடிப்பார். அன்புக் குறைவு அன்று அது, காயம்.

நஷ்டஈட்டுக்கு வருவோம். ஓடும் வண்டியிலிருந்து தவறி விழுந்தால் தம்முடைய குற்றம், ரயில்வே என்ன செய்யும் என்று நம்மவர் பெரும்பாலோர் எண்ணுகின்றனர். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். இத்தனைக்கும் அங்கேயே சம்பளம் வாங்குகிறோம். 1994ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் நாளிலிருந்து சட்டம் வேறு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தில் சேர்க்கப்பட்ட 124ஏ பிரிவின்படி, பயணிகள் வண்டியிலிருந்து தற்செயலாக விழுவதும், குண்டு வெடிப்பு, கொள்ளை முதலியவற்றில் அடிபடுவதும் 'விரும்பத்தகாத நிகழ்ச்சி' ஆகும். ரயில்வேயின் பிழை ஏதும் உண்டா என்று பாராமலே நஷ்டஈடு தர வேண்டும். தற்கொலை முயற்சி, தானே விளைவித்துக்கொண்ட காயம், தான் செய்த குற்றச்செயல், குடிமயக்கம், சித்தப் பிரமை, இயற்கையான நோய் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. தண்டவாளத்தைக் கடக்கையில் வண்டி மோதுவது இப்பிரிவில் வாராது. ஆதலால் 'விழுந்தாரா, கடந்தாரா' என்பதே இவ்வழக்குகளில் பெரிய சண்டை.

2008ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், வண்டியில் ஏற முயன்று விழுந்தாலும் இது பொருந்தும் என்றது. 2018ஆம் ஆண்டு மே மாதம் ரீனா தேவி வழக்கில் இன்னும் தெளிவாக்கிற்று: ஏறும்போதோ இறங்கும்போதோ பயணி அஜாக்கிரதையாக இருந்தார் என்று சொல்லி நஷ்டஈட்டை மறுக்க முடியாது. டிக்கெட் அகப்படவில்லை என்பதொன்றே அவர் பயணி அல்லர் என்பதற்கு முடிவான சான்றும் ஆகாது. செய்திகளைச் சத்தியப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுத்தால் மறுக்கும் பொறுப்பு ரயில்வேயைச் சாரும். ஆயினும் மாதாந்திரப் பாஸை நகல் எடுத்து வீட்டில் வைப்பது நல்லது. கைப்பேசியில் பாஸ் வைத்திருப்போர், கைப்பேசியும் கூடவே நொறுங்கும் என்பதை நினைக்க வேண்டும்.

தொகை, 2017ஆம் ஆண்டு ஜனவரி முதல் உயிரிழப்புக்கு 8 லட்சம் ரூபாய். அதற்கு முன் 4 லட்சமாக இருந்தது. காயங்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. இரு கைகள் போனால் இவ்வளவு, கண் பார்வை போனால் இவ்வளவு, செவி முற்றும் செவிடானால் இவ்வளவு, விரலுக்கு இவ்வளவு, எலும்பு முறிவுக்கு இவ்வளவு என்று உறுப்பு உறுப்பாக விலை போட்டிருக்கிறது. படித்துக்கொண்டே போனபோது நமக்கு மனம் சுருங்கியது. மறதிக்கு வரிசை இல்லை. மனைவியை அடையாளம் கண்டும் அவளிடம் அன்பாயிருக்க இயலாமைக்கு வரிசை இல்லை. ஆனால் விதிகளில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: அட்டவணையில் இல்லாத காயமாயினும், எந்த வேலையும் செய்யும் ஆற்றலை அது முற்றிலும் பறித்துவிட்டது என்று தீர்ப்பாயம் கருதினால் முழுத் தொகையான 8 லட்சமும் கிடைக்கும். தலைக்காயம் பட்டவர் குடும்பம் தட்ட வேண்டிய வாசல் அதுவே. தட்டுவதற்கு வேண்டியது நரம்பியல் மருத்துவரின் சான்று. அதனினும் முக்கியமாக, நினைவு, கவனம், முடிவெடுக்கும் திறன் ஆகியவற்றைப் பல மணி நேரம் சோதித்து உளவியல் வல்லுநர் எழுதும் அறிக்கை. தையல் ஆறிய தழும்பைக் காட்டி எதையும் நிலைநாட்ட முடியாது.

விபத்தன்று அதிகாரிகள் கொடுக்கும் கருணைத் தொகை வேறு, இது வேறு. கருணைத் தொகையை வாங்கிக்கொண்டு 'கிடைக்க வேண்டியது கிடைத்தது' என்று கையைக் கட்டி உட்கார்ந்துவிட்ட குடும்பங்களை நாம் அறிவோம்.

மனுவை ரயில்வே உரிமைத் தீர்ப்பாயத்தில் போட வேண்டும். அதற்கு மும்பையில் அமர்வு உண்டு. கெடு ஓராண்டு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அது கேட்டுப் பெறும் சலுகை. சேகரிக்க வேண்டிய தாள்கள்: ஸ்டேஷன் மாஸ்டரின் குறிப்பு, ரயில்வே போலீசின் பதிவும் பஞ்சநாமாவும், மருத்துவமனையில் முதன்முதல் சேர்த்தபோது எழுதிய குறிப்பு, விடுப்புத் தாள், ஸ்கேன் படங்கள், மருந்துச் சீட்டுகள், சம்பளத்துக்கு ஆதாரம். மருத்துவமனையில் 'எப்படி அடிபட்டது' என்று கேட்கையில் பதற்றத்தில் எவரோ எதையோ சொல்ல, 'தண்டவாளத்தில் கிடந்தார்' என்று எழுதிவிட்டால் அவ்வொரு வரி வழக்கையே கவிழ்க்கும். உடன் செல்வோர் கண்டதைக் கண்டபடி, தெளிவாகச் சொல்லி எழுதச் செய்தல் வேண்டும். மராத்தியில் எழுதப்பட்டதை அறிந்தவரைக் கொண்டு படித்துக் கேட்ட பின்னரே கையெழுத்திட வேண்டும்.

சாலை விபத்தின் கணக்கு வேறு. அங்கே அட்டவணை இல்லை. இழந்த வருவாயைக் கணக்கிடுகிறார்கள். 32 வயதில் தனித் தொழில் செய்து மாதம் 20,000 ரூபாய் ஈட்டியவர் என்று கொள்வோம். பின்னாள் உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்டினால் 28,000. ஆண்டுக்கு 3,36,000. அவ்வயதுக்குரிய பெருக்கெண் 16. ஆக 53,76,000 ரூபாய். ஈட்டும் திறன் முழுவதும் போயிற்று என்று நிலைநாட்டினால் இத்தொகை. 'முப்பது விழுக்காடு ஊனம்' என்று மட்டும் முடிந்தால் 16,12,800. இரண்டுக்கும் இடையே உள்ள பெரும் பள்ளத்தைப் பாருங்கள். மருத்துவர் சான்றில் எழுதும் விழுக்காடும், பிழைப்பில் உண்டாகும் இழப்பும் ஒன்றல்ல. இவர் செய்து வந்த தொழிலை இனிச் செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும் என்று 2010ஆம் ஆண்டில் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கால் சற்று விந்தும் கணக்கர் கணக்கெழுதலாம். கூட்டல் மறந்த கணக்கர் என்ன செய்வார்?

2007ஆம் ஆண்டில் ஹரியானாவில் டிராக்டரில் பெற்றோருடன் சென்றபோது லாரி மோதி மூளை சிதைந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தீர்ப்பாயம் 11 லட்சம் அளித்தது. உயர் நீதிமன்றம் 25 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்துக்கு மேல் ஆக்கிற்று. ஆயுள் முழுவதும் அவளைப் பார்த்துக்கொள்ளும் ஆட்களுக்கான கூலியையும் பெருக்கெண் கொண்டு கணக்கிட்டதே காரணங்களுள் ஒன்று. நம் வீடுகளில் தாயும் மனைவியும் செய்யும் பணிவிடைக்கு விலை போட எவரும் நினைப்பதில்லை. மனுவில் அதைக் கேட்க வேண்டும். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

சாலை விபத்து மனுவுக்கு 2022ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஆறு மாதக் கெடு வைத்தார்கள். அக்கெடு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. அதை நம்பிச் சும்மா இராமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே அறிவுடைமை. ஊருக்குப் போனவிடத்தில் அடிபட்டால் மும்பையில் வழக்குப் போட முடியுமா என்று பலர் கேட்கின்றனர். முடியும், மனுதாரர் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்தில் போடச் சட்டம் இடங்கொடுக்கிறது. மோதிய வண்டி ஓடி மறைந்துவிட்டாலும் கடுங்காயத்துக்கு 50,000, உயிரிழப்புக்கு 2 லட்சம் அரசு நிதியிலிருந்து உண்டு. தமிழ்நாட்டுச் சாலைகளில் அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அம்மாநில அரசு இலவசமாக அளிக்கும் திட்டம் 2021ஆம் ஆண்டு டிசம்பரில் தொடங்கப்பட்டது. விடுமுறைக்குச் செல்வோர் இதை நினைவில் வைக்கவும். பட்டறையிலும் கட்டட வேலையிலும் நேரும் காயங்களுக்குச் சட்டம் வேறு. அதைத் தனியே எழுத வேண்டும்.

நினைவற்றுக் கிடப்பவர் பெயரில் வங்கிப் பணம் இருந்தால் மனைவிக்கும் கொடுக்கமாட்டார்கள் என்பதையும் ஒரு சொல் சொல்லி வைப்போம். இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாத நிலையில், 2019ஆம் ஆண்டில் கேரள உயர் நீதிமன்றம் பாதுகாவலரை நியமிக்கும் நெறிகளை வகுத்தது. பம்பாய் உயர் நீதிமன்றமும் இத்தகைய மனுக்களை ஏற்றிருக்கிறது. கூட்டுக் கணக்காக மாற்றி வைப்பது இதைவிட எளிது.

நம் நண்பரிடம் திரும்புவோம். விழுந்து பதினான்கு மாதம் ஆனபின், ஒரு நாள் தேநீர் வேளையில் நம் அலுவலகத்துச் சட்டப் பிரிவு எழுத்தர் ஒருவர் ஏதோ பேச்சில் 'ஓராண்டுக் கெடு' என்று சொல்லக் கேட்டோம். அன்று மாலையே தாராவிக்குப் போனோம். அந்த அம்மையார் நம்மை ஒன்றும் சொல்லவில்லை. காப்பி போட்டுக் கொடுத்தார். வக்கீலைப் பிடித்து, தாமதத்தை மன்னிக்கும் மனுவுடன் வழக்கைத் தாக்கல் செய்தோம். அடிபட்டவருக்கே தம் நிலை தெரியாத நோய் இது, குடும்பமோ மந்திரத்தை நம்பியிருந்தது என்பதே நாம் காட்டும் காரணம். தீர்ப்பாயம் அதை ஏற்குமோ அறியோம். மருத்துவமனையில் பழைய பதிவேட்டைத் தேடி எடுக்க நான்கு முறை அலைந்தோம். முதல் நாள் மதிப்பெண் 9 என்று கிடைத்தது. உளவியல் சோதனையும் முடிந்தது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னபோது அவர் தொண்ணூற்று மூன்றோடு நின்று, நம்மைத் திரும்பிப் பார்த்தார்.

விசாரணை அடுத்த மாதம். அவரை அழைத்துச் செல்வது நம் பொறுப்பு. ரயில் நிலையத்துப் படிக்கட்டைக் கண்டாலே கையை உதறிக்கொண்டு பின்வாங்குகிறார். ஆகையால் பேருந்திலேயே போகிறோம், ஒரு மணி நேரம் முன்னதாகப் புறப்பட்டு.